வீட்டில் செய்த பெருக்கி ஏன் முனகுகிறது?

ஆம்ப்ளிஃபயர் எனப்படும் பெருக்கி ஒன்றை நீங்களே செய்து பார்த்ததுண்டா? சுற்றுப்படத்தில் உள்ளபடியே எல்லாவற்றையும் பற்றவைத்திருப்பீர்கள். பாட்டும் நன்றாகக் கேட்கும். ஆனால் பாட்டு நின்றதும் ஸ்பீக்கரிலிருந்து 'உம்ம்ம்' என்று ஒரு முனகல் வந்துகொண்டே இருக்கும். படத்தில் பிழையில்லை, பாகங்களிலும் பழுதில்லை. பின் அந்த முனகல் எங்கிருந்து வருகிறது? பார்ப்போம்.

மேடும் பள்ளமும்

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். அது வினாடிக்கு 50 முறை அலைபோல ஏறி இறங்குகிறது. பெருக்கிக்கு வேண்டியதோ குறைந்த மின்னழுத்தமுள்ள நேர்த்திசை மின்சாரம். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொள்ளுங்கள். 12 என்பது பயனுறு மதிப்பு. அலையின் உச்சம் அதைப்போல 1.41 மடங்கு, அதாவது சுமார் 17 வோல்ட். நான்கு டயோடுகள் கொண்ட பிரிட்ஜைக் கடக்கும்போது ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் குறைந்துவிடும். பிரிட்ஜ், அலையின் கீழ்ப்பாதியையும் மேலே திருப்பிவிடுவதால் வினாடிக்கு 100 மேடுகள் கிடைக்கின்றன.

மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தை நிரப்புவது மின்தேக்கி. அது ஒரு தண்ணீர்த் தொட்டி போன்றது. அடியில் குழாய் திறந்தே இருக்கிறது. மேலே வினாடிக்கு 100 குடம் ஊற்றுகிறோம். ஒரு குடத்துக்கும் அடுத்த குடத்துக்கும் இடையில் நீர்மட்டம் தாழத்தானே செய்யும்? மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கி, மின்தேக்குதிறனால் வகுத்தால் அந்தத் தாழ்வு தெரிந்துவிடும். பெருக்கி 1 ஆம்பியர் எடுத்தால், 4700 மைக்ரோஃபாரட் மின்தேக்கியில் 1/100 வினாடியில் சுமார் 2 வோல்ட் குறையும். இந்த ஏற்ற இறக்கம் முனகலுக்கு ஒரு காரணம்.

அப்படியானால் இன்னும் பெரிய மின்தேக்கியைப் போட்டால் போதுமா? பல வேளைகளில் அதன் பிறகும் முனகல் போவதில்லை. ஏன்?

கம்பியும் ஒரு மின்தடைதான்

மின்தேக்கி எப்போதும் நிரம்பிக்கொண்டிருப்பதில்லை. அலை உச்சியை நெருங்கும் சிறிது நேரத்தில் மட்டுமே நிரம்புகிறது. பெருக்கி சராசரியாக 1 ஆம்பியர் எடுத்தாலும், அந்தக் குறுகிய நேரத்தில் பாயும் மின்னோட்டம் 5 ஆம்பியர் வரை போகலாம்.

சுற்றுப்படத்தில் கிரவுண்டு என்பது வெறும் கோடு. பெட்டிக்குள் அது செப்புக் கம்பி. 0.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பியில் 10 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சுமார் 0.009 ஓம் தடை உண்டு. 'இது ஒரு தடையா?' என்று தோன்றும். ஓமின் விதியைப் போட்டுப் பாருங்கள். 5 ஆம்பியர் பாய்ந்தால் அதன் இரு முனைகளுக்கிடையே 0.045 வோல்ட்! உள்ளீட்டின் கிரவுண்டையும் இதே கம்பியில் சேர்த்திருந்தால், பெருக்கி இதையும் பாட்டு என்றே எடுத்துக்கொள்ளும். 20 மடங்கு பெருக்கினால் ஸ்பீக்கரில் 0.9 வோல்ட். இது காதில் தெளிவாகவே விழும்.

எல்லாம் சேரும் ஒரே புள்ளி

பெரிய வீட்டின் கழிவுநீரும் சிறிய வீட்டின் கழிவுநீரும் ஒரே குறுகிய கால்வாயில் போனால், பெரிய வெள்ளம் வரும்போது சிறிய வீட்டில் நீர் எதிர்த்து ஏறும். தனித்தனிக் கால்வாய் வெட்டினால் தொல்லையில்லை.

அதையே இங்கும் செய்யுங்கள். பிரிட்ஜின் எதிர்முனையை மின்தேக்கியின் எதிர்முனையோடு தடித்த, குட்டையான கம்பியால் இணையுங்கள். அந்தக் கம்பியின் நடுவில் வேறெதையும் பற்றவைக்காதீர்கள். மின்தேக்கியின் எதிர்முனையிலிருந்து இன்னொரு குட்டைக் கம்பியை ஒரு பொதுப் புள்ளிக்குக் கொண்டுபோங்கள். ஸ்பீக்கர், வெளியீட்டுப் பகுதி, உள்ளீட்டுப் பகுதி ஆகிய ஒவ்வொன்றின் கிரவுண்டும் தனித்தனிக் கம்பியில் அந்தப் புள்ளிக்கு வரட்டும்.

இன்னொரு சோதனை: உள்ளீட்டின் இரு முனைகளையும் ஒன்றாக இணைத்துப் பாருங்கள். முனகல் நின்றுவிட்டால் அது வெளியிலிருந்து, உள்ளீட்டு வயர் வழியே வருகிறது. நிற்காவிட்டால் மின்வழங்கியையும் கிரவுண்டுக் கம்பிகளையும் பாருங்கள்.

மூன்றாவது பின்

மூன்று பின் பிளக்கில் எர்த் கம்பியைக் கழற்றிவிட்டால் சில சமயம் முனகல் நிற்பதுண்டு. இந்த வழியை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். டிரான்ஸ்ஃபார்மரின் காப்பு என்றாவது கெட்டு, 230 வோல்ட் உலோகப் பெட்டியைத் தொட்டால், எர்த் இருக்கும்போது பெருமின்னோட்டம் பாய்ந்து ஃபியூஸ் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டியைத் தொடுபவரின் உடல் வழியே அது பாயும். பிளக்கில் எர்த் பின் மட்டும் தடித்தும் நீண்டும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். செருகும்போது அது முதலில் தொடவேண்டும். பிடுங்கும்போது கடைசியாக விடவேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. 230 வோல்ட் பகுதியை விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போது மட்டுமே இணையுங்கள்.

உங்கள் பெருக்கி முனகினால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மின்தேக்கியில் தங்கியிருக்கும் மின்னூட்டம் வடியும்வரை சில நிமிடங்கள் பொறுங்கள். பிறகு மூடியைத் திறந்து, ஒவ்வொரு கிரவுண்டுக் கம்பியும் எந்த வழியாகப் போகிறது, அதில் எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்று ஒரு தாளில் வரைந்து பாருங்கள். முனகல் பிறக்கும் இடம் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.