உயரம் சரி, சத்தம் சரியா? ஆட்டிசம் பிள்ளைகளுக்கு ராட்டினம் தேர்ந்தெடுப்பது எப்படி

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் லெகோலேண்டா, சன்வே லகூனா, கெந்திங்கா என்ற பேச்சு வீடுகளில் தொடங்கிவிடும். ஆட்டிசம் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் மட்டும் அது பாதியில் நின்றுவிடுகிறது. டிக்கெட்டுக்குப் பணம் கட்டி, உள்ளே போன அரை மணி நேரத்தில் பிள்ளை கதறி அழ, சுற்றியிருப்பவர்கள் "என்ன இப்படி அடம் பிடிக்குது" என்று பார்க்க, பெற்றோர் திரும்பி வந்துவிடுகின்றனர். அடுத்த ஆண்டு யாரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

அது அடம் அல்ல. ஒலி, வெளிச்சம், தொடுதல் ஆகியவற்றை அந்தப் பிள்ளையின் மூளை நம்மைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ உணர்கிறது. ராட்டினத்தின் வாசலில் உள்ள பலகையோ பிள்ளையின் உயரத்தைத்தான் கேட்கிறது.

ஜொகூர் லெகோலேண்டில் உள்ள நிஞ்சாகோவை எடுத்துக்கொள்வோம். வண்டி பெரிதாக ஏறி இறங்காது. சிறுவர்களுக்கு ஏற்றது என்றே தோன்றும். ஆனால் இருட்டு அரங்கு, முப்பரிமாணக் கண்ணாடி, திரை வெளிச்சம், இரைச்சல், முகத்தில் காற்று, சூடு எல்லாம் சேர்ந்து வரும். அதே பூங்காவில் பிள்ளைகளே கார் ஓட்டும் பகுதி திறந்தவெளியில் இருக்கிறது. எப்போது நிறுத்துவது என்பது பிள்ளையின் காலில் இருக்கிறது. சிலருக்கு அதுவே பெரிய நிம்மதி.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள செசமி பிளேஸ், 2018-இல் ஆட்டிசம் மையச் சான்றிதழ் பெற்ற உலகின் முதல் கேளிக்கைப் பூங்கா ஆனது. அங்கே ஒவ்வொரு விளையாட்டுக்கும் தொடுதல், சுவை, ஒலி, மணம், பார்வை என 5 புலன்களுக்கும் தனித்தனியே 1 முதல் 10 வரை மதிப்பெண் உண்டு. எண் கூடினால் தாக்கம் கூடுதல். இதை நாமே ஒரு நோட்டில் எழுதலாம். சுவையை விட்டுவிட்டு, அந்த இடத்தில் 'அசைவு' என்று போட்டுக்கொள்வது நல்லது என்பேன். சுழல்வதும் குலுங்குவதும்தானே ராட்டினம்!

முதலில் பிள்ளைக்கு மதிப்பெண் போடுங்கள். தைப்பூசத்தில் உறுமிச் சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளை, ஃபன்ஃபேர் ராட்டினத்தில் மூன்று சுற்று முடிந்தும் இறங்க மறுக்கிறதா? அதற்கு ஒலிதான் எதிரி, அசைவு நண்பன். பெரியவர்கள் பயப்படும் திறந்தவெளி ரோலர் கோஸ்டர்கூட அதற்குப் பிடித்துப்போகலாம். சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸின் மம்மி போல இருட்டுக்குள் ஓடுவது வேறு கதை.

பிறகு யூடியூபில் அந்த ராட்டினத்தின் காணொளியைப் பாருங்கள். எங்கே இருட்டு, எங்கே திடீர்ச் சத்தம் என்று தெரிந்துவிடும். சத்தத்தின் உண்மையான அளவு கைப்பேசியில் தெரியாது. அதற்குப் பூங்காவில் வெளியேறும் வழியருகே 5 நிமிடம் பிள்ளையோடு நின்றாலே போதும்.

பலரும் கணக்கில் எடுக்காதது வரிசை. கம்பித் தடுப்புக்குள் முன்னும் பின்னும் ஆட்கள் உரச முக்கால் மணி நேரம் நின்ற பிள்ளை, ஏறும் முன்பே களைத்துப்போகும். சமூக நலத்துறை வழங்கும் ஓகேயூ அட்டையில் ஆட்டிசம், கற்றல் குறைபாட்டுப் பிரிவில் பதிவாகிறது. அட்டை இருந்தால் கட்டணத்திலோ வரிசையிலோ சலுகை உண்டா என்று பூங்காவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கழிவறையில் கை உலர்த்தும் இயந்திரம் இரைகிறதா என்றும் கேளுங்கள். அந்த ஒரு சத்தத்திலேயே நாள் கெட்டுப்போன குடும்பங்கள் உண்டு.

"ஆட்டிசம் பிள்ளைக்கு ஏற்றதா?" என்று பொதுவாகக் கேட்டால் "ஏற்றதுதான்" என்றே பதில் வரும். விளக்கு அணையுமா, எவ்வளவு நேரம்? பாதுகாப்புக் கம்பி மடியை அழுத்துமா? காதுக் கவசம் போட விடுவார்களா? வரிசையின் கடைசியில் வேண்டாம் என்றால் வெளியேற வழி இருக்கிறதா? இப்படிக் கேளுங்கள்.