அந்தத் தாளில் உங்கள் வேலை எங்கே?

1998-இல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து சான்ட்ரோ கார்கள் வெளியே வரத் தொடங்கிய காலம். அப்போது சுற்றுப்பட்டு ஊர்களில் வேலை தேடிய பிள்ளைகளின் கையில் ஒரு பழுப்பு உறை இருக்கும். உறைக்குள் ஸ்டேஷனரி கடையில் வாங்கிய அச்சிட்ட பயோடேட்டா தாள். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, மதம், சாதி, திருமணம் ஆனவரா, தெரிந்த மொழிகள் என்று வரிசையாகக் கேட்டு, கடைசியில் ‘முன் அனுபவம்’ என்று ஒரே ஒரு வரி விட்டிருப்பார்கள். சான்றிதழ் நகலில் பச்சை மைக் கையெழுத்து வாங்க, அதிகாரி வரும்வரை அலுவலக வாசலில் காத்து நிற்க வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை 3 ஆண்டுக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பிக்க வேண்டும்.

யார் வீட்டுப் பிள்ளை என்று அந்தத் தாள் விவரமாகச் சொன்னது. என்ன வேலை தெரியும் என்பதற்கு அது விட்டது அந்த ஒரு வரிதான்.

ஸ்ரீபெரும்புதூருக்கு 2006-இல் நோக்கியா வந்தது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான், 2012-இல் டைம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு ஆலைகள் திறந்தன. விண்ணப்பிக்கும் முறையும் மாறிப்போனது. இன்று சுங்குவார்சத்திரத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைக்கு ‘நாளை வாக்-இன்’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. ரெஸ்யூம் பிடிஎஃப்பாகப் போனிலேயே இருக்கிறது. பச்சை மைக்காக யாரும் காத்திருப்பதில்லை.

ஆனால் தாளுக்குள் இருப்பது பெரும்பாலும் பழைய சரக்குதான். பிரவுசிங் சென்டரில் ஒருவருடையதைத் திறந்து, பெயரை மட்டும் மாற்றி, அடுத்தவருக்கு எடுத்துக் கொடுக்கிறார்கள். மேலே எல்லாருக்கும் பொதுவான ஒரு ‘குறிக்கோள்’ வாக்கியம். கீழே கிரிக்கெட், பாட்டுக் கேட்பது. நடுவில் ‘ஆபரேட்டர் – 2 வருடம்’. அந்த இரண்டு வருட உழைப்பு ஒரே சொல்லுக்குள் காணாமல் போகிறது.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை 2014 நவம்பர் 1-இல் நோக்கியா ஆலை நின்றபோது இந்தப் பகுதி பார்த்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், மறுபடி வேலை தேட வேண்டியவர்கள் ஆனார்கள். ஆலை மூடலாம், வேறு கைக்கு மாறலாம். அதே வளாகத்துக்குப் பின்னாளில் சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் வந்தது. ஒரு கேட்டிலிருந்து இன்னொரு கேட்டுக்குத் தொழிலாளியோடு போவது அவர் கற்ற வேலை ஒன்றுதான். அதற்குச் சாட்சி அந்தத் தாள்.

‘ஆபரேட்டர் – 2 வருடம்’ என்பதை இப்படி எழுதிப் பாருங்கள்: ‘பிரஸ் ஷாப், 2 ஆண்டு, மூன்று ஷிஃப்ட். 250 டன் பவர் பிரஸ் ஓட்டியது. டை மாற்றும்போது செட்டருக்கு உதவி. முதல் பீஸை வெர்னியர், ஹைட் கேஜ் வைத்துச் சோதித்தது. ரிஜெக்‌ஷன் பதிவேடு எழுதியது. 5எஸ் பயிற்சி.’ ஐந்தாறு வரிதான். படிக்கும் சூப்பர்வைசருக்கு ஆளை எந்த லைனில் நிறுத்தலாம் என்று உடனே புரியும். ஐடிஐ முடித்த கையோடு வருபவர் தன் டிரேடு, ஓட்டிப் பழகிய மெஷின், அப்ரன்டிஸ் பயிற்சி ஆகியவற்றை இதே மாதிரி எழுதலாம். ஒரு பக்கம் போதும். திருப்பிக் கேட்டால் தமிழிலாவது விளக்கத் தெரியாத எதையும் எழுதாதீர்கள்.

கான்ட்ராக்டில் வேலை பார்த்தவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சம்பளம் கொடுத்த கான்ட்ராக்டர் பெயர், வேலை நடந்த ஆலையின் பெயர் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். 2014 முதல் பிஎஃப் கணக்குக்கு யுஏஎன் எண் இருக்கிறது. சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் அதில் பதிவாகின்றன. ரெஸ்யூமில் உள்ள தேதி அதோடு ஒத்துப்போக வேண்டும்.

சாதி, மதம், திருமண நிலை, ஆதார் எண் நான்கையும் எடுத்துவிடுங்கள். ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்குச் சேர்க்காமல் தவிர்ப்பதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம், 1976-ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. கழுத்தில் தாலி இருக்கிறதா என்பதற்கும் கை வேலைக்கும் என்ன தொடர்பு? அந்தக் கேள்விக்கு நம் தாளே முந்திக்கொண்டு பதில் சொல்லத் தேவையில்லை.

ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்ததும் போனை எடுங்கள். இந்த வாரம் எந்த மெஷினில் நின்றீர்கள், புதிதாக என்ன கற்றீர்கள் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். வேலை தேடும் நாள் வந்தால் உங்கள் ரெஸ்யூம் ஏற்கெனவே தயாராக இருக்கும். அதில் இருப்பது முழுக்க உங்கள் உழைப்பாகவும் இருக்கும்.