அச்சுக்குள் எட்டிப் பார்க்கும் கணக்கு

இரும்பு 1,538 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். சிர்கோனியம் டைபோரைடு 3,200 டிகிரியிலும் உருகாது. ஹாஃப்னியம் கார்பைடு உருக 3,900 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். ஒலியைவிட ஐந்து மடங்குக்கும் மேலான வேகத்தில் பறக்கும் கலங்களின் கூரிய முனைகளுக்கு இந்த செராமிக் பொருள்களை ஆராய்வது இதனால்தான். ஆனால், உருகவே அடம்பிடிக்கும் பொருளை எந்த அச்சில் ஊற்றி வார்ப்பது? பொடியாக்கி, அழுத்தி, உருகுநிலைக்கு வெகு கீழேயே சுட்டு இறுக்க வேண்டும். சூளையில் பச்சைப் பானை சுருங்கி இறுகுவதற்கு உறவான இந்த வேலைக்கு சின்டரிங் என்று பெயர். பானையில் மண்ணின் ஒரு பகுதி இளகிப் பசைபோல ஒட்டும். இங்கே அந்தப் பசையும் கிடையாது. திடப்பொருளுக்குள்ளேயே அணுக்கள் இடம்பெயர்ந்து, துகளும் துகளும் தொடும் இடத்தில் கழுத்துப்போல ஒரு பாலம் வளர்கிறது. ஆய்வாளர் குச்சின்ஸ்கி 1949இல் சிறு உலோக உருண்டைகளை உலோகத் தகட்டின் மேல் வைத்துச் சூடாக்கி, அந்தக் கழுத்து நேரத்தோடு எப்படித் தடிக்கிறது என்று அளந்தார். சின்டரிங்கைக் கணிக்கும் இன்றைய கணினிக் கணக்குகளின் வேர் அங்கே இருக்கிறது.

இந்தக் கணக்கு வசதிக்காகச் செய்யப்படுவது அல்ல, அது இல்லாமல் வேலை நடக்காது என்பது என் கருத்து. இப்போது பரவலாக உள்ள ஸ்பார்க் பிளாஸ்மா முறையில் பொடியை கிராஃபைட் அச்சில் இட்டு, மேலும் கீழும் தண்டுகளால் அழுத்திக்கொண்டே ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். (பெயரில் பொறியும் பிளாஸ்மாவும் இருந்தாலும், முக்கியமாக வேலை செய்வது மின்சாரம் தரும் சூடுதான்.) பொடியில் சுமார் 40 சதவீதம் வெற்றிடம் என்றால், 10 மி.மீ. உயரம் 6 மி.மீ. ஆகும்வரை தண்டு இறங்கும். வெப்பத்தைக் காட்டும் பைரோமீட்டர் பார்ப்பதோ பெரும்பாலும் அச்சின் வெளிச்சுவரை. உள்ளே இருக்கும் பொடியின் வெப்பம் அதுவல்ல. வேறுபாடு 100 டிகிரியைத் தாண்டலாம். அவ்வளவு கூடினாலே அணுக்களின் நகர்வு பல மடங்கு வேகமெடுக்கும். நடுப்பகுதி இறுகிப் படிக மணிகள் பெருத்துப்போகும், ஓரத்தில் துளைகள் மிஞ்சும். மின்சாரம், வெப்பம், அழுத்தம், சுருக்கம் நான்கையும் ஒன்றாகப் பின்னித் தீர்க்கும் சமன்பாடுகள்தான் அந்த மூடிய அச்சுக்குள் நமக்குக் கண். சிர்கோனியம் டைபோரைடு உலோகம்போல மின்சாரத்தைக் கடத்துவதால் பொடியின் உள்ளேயே சூடு பிறக்கிறது. மின்சாரத்தைக் கடத்தாத அலுமினாவை வைத்தால் மின்சாரம் அச்சைச் சுற்றிப் போய், சூடு வெளியிலிருந்து உள்ளே வருகிறது. அடுப்பும் திரையில் தெரியும் எண்ணும் ஒன்றாகவே இருந்தாலும் உள்ளே நடப்பது வேறு.

வில்லைகளைச் சுட்டுச் சுட்டுப் பார்த்தே கற்கலாமே என்று கேட்கலாம். 20 மி.மீ. வில்லைக்கு அது சரி. 100 மி.மீ. வில்லையில் வெப்பம் ஊடுருவும் நேரம் ஐந்து மடங்கல்ல, ஏறத்தாழ 25 மடங்கு. சிறியதில் தேறிய பக்குவம் பெரியதில் விரிசலாக முடியும். இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. தண்டும் அச்சும் தொடும் இடத்தின் மின்தடை போன்ற மதிப்புகள் சரியாகத் தெரியாததால், விடை பொருந்தும்வரை அவற்றைத் திருகிக்கொள்கிறார்கள் என்பார்கள். அது நடக்கத்தான் செய்கிறது. அதனால், ஓர் அளவு வில்லையில் திருகிய மதிப்புகளைத் தொடாமல், வேறு அளவு வில்லையில் தண்டு இறங்கும் வேகத்தைச் சோதனைக்கு முன்பே கணித்துக் காட்டும் கணக்கை மட்டும் நம்பலாம். தண்டின் நகர்வை இயந்திரமே நொடிக்கு நொடி பதிகிறது. ஒப்பிட வேறு கருவி வேண்டாம்.

இதிலும் தப்பிவிடும் ஒன்று உண்டு. போரைடுத் துகள்களின் மேல் மெல்லிய ஆக்சைடு தோல் இருக்கிறது. சூட்டில் அதிலுள்ள போரான் ஆக்சைடு ஆவியாகி, துகள்களை இறுக்காமல் பெருக்க மட்டும் வைக்கிறது. போரான் கார்பைடு சேர்த்தும், 1,500 டிகிரிக்கு முன்பின்னாகச் சற்று நிறுத்தி வாயுவை வெளியேற்றியும் ஆய்வகங்கள் இதைச் சமாளிக்கின்றன. பொடியைச் சுத்தமானதாகவே எடுத்துக்கொள்ளும் கணக்குக்கு இந்த நிறுத்தம் வீண் தாமதமாகத்தான் தெரியும். துகள் அளவில் நடக்கும் இந்த வேதியியலை வில்லை அளவிலான சமன்பாட்டுக்குள் கொண்டுவருவதுதான் இப்போது மிச்சமிருக்கும் கடினமான வேலை.