சூப்பர்சார்ஜர் கிட்: அழுத்தத்தைப் பார்ப்பதா, வெப்பத்தைப் பார்ப்பதா?

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் பீய்ச்சி விடலாம். காற்றை உள்ளே கொண்டுவருவதுதான் கடினம். 2 லிட்டர் கொள்ளளவு கொண்ட நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின், கிராங்க் ஷாஃப்ட் ஒரு முறை சுழன்றால் ஒரு லிட்டர் காற்றைத்தான் இழுக்கும். அதையும் வளிமண்டல அழுத்தத்தை மட்டும் நம்பி இழுக்க வேண்டும். அதே இடத்தில் இன்னும் அதிக எடையுள்ள காற்றைத் திணிப்பதற்கான அமுக்கிதான் சூப்பர்சார்ஜர். இதே வேலையைச் செய்யும் டர்போ, எஞ்சினின் புகையின் வேகத்தால் சுழல்கிறது. சூப்பர்சார்ஜர் எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டிலிருந்தே பெல்ட் மூலம் சுழல்கிறது. ஆகவே அது தரும் கூடுதல் திறனில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்ளும்.

கருவி பழையது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், கானர்ஸ்வில் என்ற ஊரில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை பெற்ற ஊதுகருவிதான் அதன் மூதாதை. காருக்கும் அதற்கும் அப்போது எந்தத் தொடர்பும் இல்லை. 1921 பெர்லின் கண்காட்சியில் மெர்சிடிஸ் நிறுவனம் சூப்பர்சார்ஜர் பொருத்திய விற்பனைக் கார்களை வைத்தது. தொழிற்சாலை தராத சூப்பர்சார்ஜரை வெளியிலிருந்து கொண்டுவந்து பூட்டும் ஆசைக்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு, 1929-இல் உருவான 'புளோயர்' பென்ட்லி. பந்தய வீரர் டிம் பிர்கின் விரும்பினார், ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் சூப்பர்சார்ஜரை வடிவமைத்தார், நிறுவனர் டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கோ அதில் துளியும் விருப்பமில்லை. திறன் வேண்டுமானால் பெரிய எஞ்சினாகச் செய்துகொள்வோம் என்பது அவர் கட்சி. 1929, 1930 இரண்டு ஆண்டுகளிலும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது அவருடைய ஆறரை லிட்டர் 'ஸ்பீட் சிக்ஸ்'. புளோயர் அந்தப் பந்தயத்தை ஒருமுறையும் வெல்லவில்லை.

இப்படி வெளியிலிருந்து வாங்கிப் பூட்டும் சூப்பர்சார்ஜர் தொகுப்பை, அதாவது கிட்டை, இன்று எடைபோடக் கற்றுக்கொள்ள மிகப் பொருத்தமான கார், 2012-இல் வந்த டொயோட்டா 86. சுபாருவுடன் சேர்ந்து உருவாக்கிய இதன் எஃப்.ஏ.20 எஞ்சின் 2 லிட்டர், சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும் பாக்ஸர் அமைப்பு, நிமிடத்துக்கு 7,000 சுழற்சியில் 200 குதிரைத்திறன், 12.5-க்கு 1 என்ற உயர்ந்த அமுக்க விகிதம். வண்டியின் கையாளுகையைப் பாராட்டாதவர் இல்லை, திறன் போதவில்லை என்று முனகாதவரும் இல்லை. அந்த முனகலை நம்பியே அமெரிக்கச் சந்தையில் எடல்பிராக், ஜாக்சன் ரேசிங், வோர்டெக் எனப் பல நிறுவனங்கள் கிட் கொண்டுவந்தன.

கிட்களில் முதல் வேறுபாடு அமுக்கியின் வகை. ரூட்ஸ் வழிவந்த இடப்பெயர்ச்சி வகை, ஒரு சுற்றுக்கு இவ்வளவு காற்று என்று அளந்து தள்ளும். எடல்பிராக் கிட்டில் உள்ள ஈட்டன் டி.வி.எஸ். 1320 ஒரு சுற்றுக்கு 1.32 லிட்டர் தள்ளக்கூடியது. அதை எஞ்சினோடு சம வேகத்தில் சுழற்றினாலே, ஒரு லிட்டர் கேட்கும் எஞ்சினுக்கு ஒன்றேகால் லிட்டருக்கு மேல் போய்ச் சேரும். குறைந்த வேகத்திலும் இதே கதைதான். மையவிலக்கு வகை வேறு மாதிரி. விசிறிச் சக்கரம் காற்றை வீசியெறிந்து அமுக்குவதால், அதன் அழுத்தம் ஏறத்தாழ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். 7,000 சுழற்சியில் 0.5 பார் கூடுதல் அழுத்தம் தருவது 3,500 சுழற்சியில் 0.12 பார் அளவே தரும். 86-ஐப் பொறுத்தவரை இந்த வேறுபாடு பெரியது. இந்த எஞ்சினின் முறுக்குவிசை 4,000 சுழற்சியை ஒட்டிய பகுதியில் பள்ளம் விழுந்தாற்போல் இறங்கி மீளும். நகர ஓட்டத்தில் கால் அதிகம் நிற்பதும் அங்கேதான். இடப்பெயர்ச்சி வகை அந்தப் பள்ளத்தை நிரப்பும். மையவிலக்கு வகை பள்ளத்தைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டு, உச்சியில் ஒரு மலையை எழுப்பும். பந்தயத் தடத்தில் எப்போதும் 5,000-க்கு மேலேயே ஓட்டுபவருக்கு மலை போதும். அலுவலகம் போய் வருபவர் முதல் வகையைத்தான் பார்க்க வேண்டும், விளம்பரத்தில் அதன் உச்ச எண் சற்றுச் சிறிதாக இருந்தாலும்.

விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் வரும் இன்னொரு எண் 'பூஸ்ட்' எனப்படும் கூடுதல் அழுத்தம். வாங்குபவரை அதிகம் ஏமாற்றுவதும் அதுவே. சூப்பர்சார்ஜருக்கும் எஞ்சினின் வால்வுகளுக்கும் இடையே நெருக்கியடித்து நிற்கும் காற்றின் அழுத்தம்தான் பூஸ்ட். எரிவது சிலிண்டருக்குள் போன காற்றின் எடை. இரண்டும் ஒன்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வால்வு வழிகளை அகலப்படுத்தினால் பூஸ்ட் குறையும், திறன் கூடும்.

அழுத்தத்தோடு வெப்பமும் வருவதுதான் இதில் சிக்கல். சைக்கிள் டயருக்குக் காற்றடித்த பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தவருக்கு விளக்கம் தேவையில்லை. 30 டிகிரி காற்றை 0.5 பார் கூடுதலாக அமுக்கினால், இழப்பே இல்லாத கருவியிலும் அதன் வெப்பம் 37 டிகிரி ஏறும். அமுக்கியின் வெப்பத் திறன் 60 சதவீதம் என்றால் வெளியே வரும் காற்று 92 டிகிரி. 75 சதவீதம் என்றால் 80 டிகிரி. சூடான காற்று விரிந்து எடை குறைவதால், முதல் கருவியில் காற்றின் அடர்த்தி 25 சதவீதமும் இரண்டாவதில் 29 சதவீதமும்தான் கூடுகிறது. அழுத்தமானி என்னவோ இரண்டிலும் 50 சதவீதம் கூடியதாகவே காட்டும். இனி, 60 சதவீதக் கருவிக்கே, அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் ஓர் இன்டர்கூலரை வைத்து, ஏறிய வெப்பத்தில் பத்தில் ஏழு பங்கை எடுத்துவிட்டால் காற்று 49 டிகிரிக்கு இறங்கும், அடர்த்தி 40 சதவீதம் வரை கூடும். சுமாரான அமுக்கியும் நல்ல இன்டர்கூலரும் சேர்ந்த கிட், நல்ல அமுக்கி மட்டும் உள்ள கிட்டை வென்றுவிடுகிறது. ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, முழு ஆக்ஸிலரேட்டரில் மூன்று முறை தொடர்ந்து ஓட்டிய பின் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை என்ன என்பது. முதல் ஓட்டத்தில் குளிர்ந்து வரும் கிட், மூன்றாவதில் கொதித்துப் போவது சாதாரணமாக நடக்கும். தண்ணீரால் குளிரூட்டும் இன்டர்கூலரில், முன்பக்க ரேடியேட்டரும் தண்ணீர் பம்பும் சிறிதாக இருந்தால் இப்படித்தான் ஆகும்.

அந்த அமுக்கியைச் சுழற்றும் செலவையும் கணக்கிடலாம். 7,000 சுழற்சியில் இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 8 கிலோ காற்றை இழுக்கிறது. 40 சதவீதம் கூடினால் 11 கிலோவைத் தாண்டும். அதை 62 டிகிரி சூடாக்கும் வேலைக்கு மட்டும் 16 குதிரைத்திறன் போகும். 75 சதவீதத் திறனுள்ள கருவியில் 13. பெல்ட், பேரிங் உராய்வு தனி. 200-ஐ 1.4-ஆல் பெருக்கி இதைக் கழித்தால் 260-ஐ ஒட்டி வரும். இக்னிஷனைச் சற்றுத் தாமதப்படுத்த வேண்டியிருப்பதால் இன்னும் கொஞ்சம் குறையும். இதே அழுத்தத்தில் 300 கிடைக்கும் என்று ஒருவர் சொன்னால், அவர் எதையோ சொல்லாமல் விடுகிறார்.

12.5 என்ற அமுக்க விகிதம் இங்கே குறுக்கே நிற்கிறது. ஏற்கெனவே சூடாகவும் அடர்த்தியாகவும் உள்ளே வந்த காற்றை பிஸ்டன் மீண்டும் பன்னிரண்டரை மடங்கு நெருக்குகிறது. பிளக்கின் தீ பரவி முடிப்பதற்குள் மூலையில் உள்ள கலவை தானே வெடித்தால், மெக்கானிக்குகள் 'எஞ்சின் தட்டுது' என்று சொல்லும் நாக்கிங். சாதாரண எஞ்சினில் அது இரைச்சல். காற்றைத் திணித்த எஞ்சினில் பிஸ்டனின் விளிம்பை உடைக்கும், ரிங்குகளுக்கு இடையிலான பாலத்தைப் பெயர்க்கும். இதைத் தவிர்க்க உயர் ஆக்டேன் பெட்ரோல், தாமதித்த இக்னிஷன், குளிர்ந்த வகை ஸ்பார்க் பிளக், பெட்ரோல் மிகுந்த கலவை எல்லாம் வேண்டும். ஆக்டேன் எண்ணில் ஒரு பொறியும் உண்டு. அமெரிக்க பங்க்கில் எழுதியிருக்கும் 91, ரிசர்ச், மோட்டார் என்ற இரண்டு சோதனை எண்களின் சராசரி. இந்தியாவில் சொல்வது ரிசர்ச் எண் மட்டும். கலிபோர்னியாவின் 91 இந்தியக் கணக்கில் 95-ஐ ஒட்டி வரும். அங்கே 91-க்கு அமைத்த மென்பொருளை இங்கே 91 பெட்ரோலில் ஓட்டினால் எஞ்சின் தட்டாமல் என்ன செய்யும்?

பெட்ரோல் போதுமா என்பதும் கூட்டல் பெருக்கல்தான். நிமிடத்துக்கு 11.4 கிலோ காற்று, 12-க்கு 1 கலவை என்றால் 0.95 கிலோ பெட்ரோல்; அதாவது சிலிண்டருக்கு நிமிடத்துக்கு 320 மில்லிலிட்டர். இன்ஜெக்டர் முழு நேரமும் திறந்தே கிடக்கக் கூடாது. 85 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். அப்படியானால் 375 மில்லிலிட்டர் கொள்திறன் தேவை. 86-இல் சிலிண்டருக்கு இரண்டு இன்ஜெக்டர்கள், ஒன்று நேரே சிலிண்டருக்குள், ஒன்று நுழைவாயிலில். இந்தத் தொகையை அவை பகிர்ந்துகொள்ளும். கிட்டில் இன்ஜெக்டரோ புதிய மென்பொருளோ இல்லாமல், பெட்ரோல் அழுத்தத்தை மட்டும் ஏற்றிச் சமாளிக்கும் பழைய பாணி இருந்தால் அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

திறனை அளக்கும் மேடையான டைனோவில் எடுத்த வரைபடம் இல்லாமல் எந்தக் கிட்டும் விற்பதில்லை. அதைப் படிக்கத் தெரிய வேண்டும். சக்கரத்தில் அளந்த திறன் கிராங்க்கில் அளப்பதைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாக இருக்கும். எந்த எண் எது என்று எழுதியிருக்க வேண்டும். வானிலைத் திருத்தம் எஸ்.ஏ.இ. ஜே1349 முறையிலா, 'எஸ்.டி.டி.' என்ற பழைய முறையிலா என்பதையும் பார்க்க வேண்டும். பழைய முறை சுமார் 4 சதவீதம் கூட்டிக் காட்டும். அதே மேடையில், அதே நாளில், கிட் பொருத்தும் முன் எடுத்த கோடும் கூடவே இருந்தால்தான் ஒப்பிட முடியும். குதிரைத்திறனையும் பவுண்டு-அடி முறுக்குவிசையையும் ஒரே அளவுகோலில் வரைந்தால் இரண்டு கோடுகளும் 5,252 சுழற்சியில் வெட்டியாக வேண்டும். ஒன்று மற்றொன்றிலிருந்து கணக்கிடப்படுவதால் இதற்கு விலக்கே கிடையாது. வேறு இடத்தில் வெட்டினால் யாரோ படத்தில் கைவைத்திருக்கிறார்கள். பூஸ்ட் கோடும் இருந்தால் இன்னும் நல்லது. மையவிலக்குக் கிட்டில் அது எஞ்சினின் உச்ச வேக எல்லையான சிவப்புக் கோட்டை எட்டும்வரை ஏறிக்கொண்டே போக வேண்டும். 6,000-க்கு மேல் படுத்துவிட்டால் பெல்ட் வழுக்குகிறது என்று முதலில் சந்தேகப்படலாம்.

பெல்ட்டுதான் இத்தகைய கிட்களின் தீராத வியாதி. சிறிய புல்லியைப் பெல்ட் எவ்வளவு கோணம் சுற்றித் தழுவுகிறது, டென்ஷனர் தானியங்கியா, அதே பெல்ட் தண்ணீர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் இழுக்கிறதா என்று படத்திலேயே பார்த்துவிடலாம். பூஸ்ட்டை ஏற்ற இன்னும் சிறிய புல்லி போடும் யோசனை வாங்கியவருக்கு எப்படியும் வரும். வழுக்கலும் அப்போதுதான் தொடங்கும். ரோட்ரெக்ஸ் வகை மையவிலக்குக் கருவிக்குத் தனி எண்ணெயும் தனித் தொட்டியும் உண்டு. அந்த எண்ணெய் கிடைக்கும் ஊரா என்பதையும் விசாரிக்க வேண்டும். எஃப்.ஏ.20-இன் கனெக்டிங் ராடுகள் மெலிந்தவை. முறுக்குவிசையை ஏற்றும்போது முதலில் கவலைப்பட வேண்டிய பாகம் அதுதான். கிளட்ச் அதற்கடுத்தது. எஞ்சின் ஆயில் கூலர் கிட்டின் விலையில் சேராது, ஆனால் தேவைப்படும். பழைய எஞ்சினாக இருந்தால் கிட்டுக்கு ஆர்டர் போடும் முன் சிலிண்டர்களின் கம்ப்ரஷனைச் சோதிப்பது கட்டாயம்.

எல்லாவற்றையும் கூட்டினால் பல ஆயிரம் டாலர் ஆகிறது. 2022-இல் வந்த ஜி.ஆர். 86, 2.4 லிட்டர் எஞ்சினோடு 228 குதிரைத்திறனையும், 3,700 சுழற்சியிலேயே சுமார் 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையையும் வாரன்டியோடு தருகிறது. பழைய காரை விற்று அதை வாங்கினால் எவ்வளவு ஆகும் என்பதை அதே தாளில் எழுதிப் பார்க்காமல் முடிவெடுப்பது சரியல்ல. அமெரிக்காவின் 1975-ஆம் ஆண்டு வாரன்டி சட்டப்படி, வெளிப்பாகம் பொருத்தியிருக்கிறது என்பதற்காக மட்டும் வாரன்டியை மறுக்க முடியாது. அந்தப் பாகம்தான் பழுதுக்குக் காரணம் என்று காட்ட வேண்டும். பிஸ்டன் உடைந்த எஞ்சினில் சூப்பர்சார்ஜர் உட்கார்ந்திருந்தால் அதைக் காட்டுவது ஒன்றும் கடினமில்லை. கலிபோர்னியாவில், மாநிலக் காற்று வள வாரியத்தின் அனுமதி எண் இல்லாத கிட் புகைச் சோதனையில் தேறாது. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதற்குத் தடை போடுகிறது.

பொருத்திய பிறகு தீர்ப்பு சொல்வது பதிவேடுகள். சாலையில் போகும்போதே காற்று வெப்பநிலை, காற்று-பெட்ரோல் விகிதம், நாக் சென்சார் எத்தனை டிகிரி இக்னிஷனைப் பின்னிழுக்கிறது, பூஸ்ட் ஆகிய நான்கையும் பதிந்து பார்க்க வேண்டும். மெதுவாகப் போகும்போது பைபாஸ் வால்வு திறந்து பூஸ்ட் சுழியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மைலேஜ் வீணாகும். முழுத் திறனில் விகிதம் 12-ஐ ஒட்டி நிலையாக நிற்க வேண்டும். மூன்றாவது கியரில் மூன்று முறை தொடர்ந்து இழுத்த பின்னும் இக்னிஷன் பின்னிழுப்பு ஓரிரு டிகிரிக்குள் நின்று, அடுத்த சில நிமிட நிதான ஓட்டத்தில் காற்று வெப்பநிலை பழைய நிலைக்குத் திரும்பினால் அந்தக் கிட் அந்த எஞ்சினுக்கு ஏற்றது. அப்படித் திரும்பாவிட்டால், டைனோ தாளில் என்ன எழுதியிருந்தாலும் பெரிய புல்லியைப் போட்டுப் பூஸ்ட்டைக் குறைப்பதுதான் வழி.