விளக்கு அணைந்தாலும் ரெயில் நிற்க வேண்டும்!

ஊர் நெருங்கிவிட்டது. மேல் பலகையில் இருந்த பெட்டியை இறக்கியாயிற்று. தூங்கிய குழந்தையை எழுப்பியாயிற்று. ஸ்டேஷன் விளக்குகள்கூடத் தெரிகின்றன.

திடீரென்று வண்டி நின்றுவிடுகிறது!

"அவுட்டரில் போட்டுவிட்டான்" என்று யாராவது ஒருவர் சலித்துக்கொள்வார்.

"அவுட்டர்" என்பது பழைய கைகாட்டி மரங்களின் காலத்துச் சிக்னல். இப்போது பெரும்பாலான ஸ்டேஷன்களில் அந்தப் பெயரில் சிக்னலே கிடையாது. பெயர் மட்டும் பிரயாணிகள் வாயில் தங்கிவிட்டது.

வண்டி நிற்கக் காரணம், முன்னால் எரியும் சிவப்பு விளக்கு. ஆனால் டிரைவர் சிவப்பைப் பார்த்த பிறகு பிரேக் போடவில்லை. அதற்கு முன்பே போட்டுவிட்டார்!

ஒரு கிலோ மீட்டர் வேண்டும்

குறுக்கே ஆடு வந்தால் பஸ் டிரைவர் பிரேக்கை மிதிப்பார். சிறிது தூரத்தில் பஸ் நின்றுவிடும். ரெயில் அப்படி நிற்காது.

சக்கரமும் இரும்பு, தண்டவாளமும் இரும்பு. பிடிப்புக் குறைவு. மணிக்கு 110 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் எக்ஸ்பிரஸ், ஒரு விநாடியில் 30 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. அது நிற்க ஏறக்குறைய ஒரு கிலோ மீட்டர் தேவை. இரவிலும் வளைவிலும் அவ்வளவு தூரம் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே, நிற்க வேண்டிய சிக்னலுக்கு ஒரு கிலோ மீட்டர் முன்னதாகவே இன்னொரு சிக்னல் இருக்கும். அதன் பெயர் "டிஸ்டன்ட்". வேகமான பாதைகளில் 2 கிலோ மீட்டர் முன்னாலேயே ஒன்று வைத்திருப்பார்கள். இதில் ஒரு விசேஷம். டிஸ்டன்ட் சிக்னலில் சிவப்பு விளக்கே கிடையாது!

பச்சை எரிந்தால், "தாராளமாகப் போ." ஒற்றை மஞ்சள் எரிந்தால், "அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வா."

ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மஞ்சள் எரிந்தால்? "அடுத்த சிக்னலைத் தாண்டலாம். ஆனால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வா" என்று அர்த்தம். வண்டி நேர்ப்பாதையை விட்டுப் பக்கத்துப் பாதைக்குத் திரும்பப் போகிறது என்றால் இப்படி எரியும். அடுத்த சிக்னலில் மஞ்சளுக்கு மேலே ஐந்து வெள்ளை விளக்குகள் சாய்ந்த வரிசையாக எரிந்து, திரும்பும் பக்கத்தைக் காட்டும்.

அங்கே வேகம் மணிக்கு 30 கிலோ மீட்டருக்கு மேல் கூடாது என்று வைத்திருப்பார்கள். சில இடங்களில் 15தான். விளக்கு அந்த எண்ணைச் சொல்லாது. எந்தப் பாதை என்று மட்டும் சொல்லும். அந்தப் பாதையில் எவ்வளவு வேகம் என்பது டிரைவருக்கு மனப்பாடம்.

தண்டவாள வேலை நடக்கும் இடங்களில் எண்ணையே எழுதி நட்டுவிடுகிறார்கள். மஞ்சள் நிற முக்கோணப் பலகை, கறுப்பு எழுத்து.

கை அசையவில்லை!

ஸ்டேஷன் சிக்னலுக்குச் சிவப்புதான் வழக்கமான நிலை. பாதை காலி என்று உறுதியான பிறகே அது மாறும்.

கைகாட்டி மரத்திலும் அப்படித்தான். கை நேராக நீண்டிருந்தால் "நில்". கீழே சாய்ந்தால் "போ". கேபினில் இருப்பவர் நெம்புகோலை இழுத்தால், நீண்ட கம்பி கையைச் சாய்க்கும். கம்பி அறுந்துபோனால், மரத்தில் கட்டிய எடை கையை மறுபடி நீட்டிவிடும். இன்றைய விளக்குச் சிக்னலும் அணைந்து கிடந்தால், அதைச் சிவப்பு என்றே டிரைவர் கொள்ள வேண்டும். டிஸ்டன்டாக இருந்தால் மஞ்சள்.

இந்தப் பாடத்துக்குக் கொடுத்த விலை பெரிது.

1876-ம் ஆண்டு ஜனவரி 21-ந் தேதி. இங்கிலாந்தில் ஆபட்ஸ் ரிப்டன் என்ற ஊரில் கடும் பனிப்புயல். ஸ்டேஷனில் ஒரு நிலக்கரி வண்டியை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஸ்காட்லாந்தில் இருந்து எக்ஸ்பிரஸ் வந்துகொண்டிருந்தது.

சிக்னல்காரர்கள் நெம்புகோலை "அபாயம்" என்ற நிலைக்குத் தள்ளினார்கள். ஆனால் சிக்னலின் கை அசையவில்லை!

அந்தக் காலத்தில் அங்கே "போகலாம்" என்பதே வழக்கமான நிலை. அப்போது கை, மரத்தில் வெட்டிய பிளவுக்குள் மறைந்திருக்கும். அந்தப் பிளவில் பனி உறைந்து கையைக் கவ்விக்கொண்டது. வந்த எக்ஸ்பிரஸ் நிலக்கரி வண்டியில் மோதியது. சிறிது நேரத்தில், லண்டனில் இருந்து வந்த வேறொரு எக்ஸ்பிரஸ், சிதறிக் கிடந்த பெட்டிகளில் மோதியது. 10-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அதன் பிறகு "அபாயம்" என்பதே வழக்கமான நிலை ஆயிற்று. கையையும் மரத்தை விட்டுத் தள்ளி அமைத்தார்கள்.

பச்சை பொய்யானால்?

பச்சை எரிய வேண்டுமானால், முதலில் பாதை அதற்கேற்பத் திரும்பிப் பூட்டிக்கொள்ள வேண்டும். சிக்னல் ஒன்று சொல்ல, பாதை வேறு பக்கம் போக முடியாதபடி இரண்டையும் பிணைத்திருக்கிறார்கள். அந்தப் பிணைப்பிலேயே கோளாறு வந்தால் டிரைவர் என்ன செய்வார்?

2023-ம் ஆண்டு ஜூன் 2-ந் தேதி, ஒடிசாவில் பாலசோர் அருகே அதுதான் நடந்தது. சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரசுக்கு, நேர்ப்பாதையில் போகப் பச்சை எரிந்தது. பாதையோ பக்கத்துப் பாதைக்குத் திரும்பியிருந்தது. அங்கே இரும்புத்தாது ஏற்றிய சரக்கு ரெயில் நின்றது. 290-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சிக்னலின் மின் இணைப்புகளை மாற்றியபோது நேர்ந்த தவறே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது.

உரக்கச் சொல்ல வேண்டும்

டிரைவருக்கு இப்போது "லோகோ பைலட்" என்று பெயர். பக்கத்தில் உதவியாளர் ஒருவர் இருப்பார். சிக்னல் கண்ணில் பட்டதும் ஒருவர் அதை உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். இது விதி. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத கண் உள்ளவருக்கு அந்த வேலை கிடைக்காது.

பெட்டிகளில் எல்லோரும் தூங்கும்போதும், என்ஜினில் இந்தப் பேச்சு நடந்துகொண்டே இருக்கிறது.

இதோ, ஊருக்கு வெளியே நின்ற வண்டிக்கு முன்னால் சிவப்பு மறைகிறது.

"மஞ்சள்!"

"மஞ்சள்!"

ஹாரன் ஒலிக்கிறது. வண்டி மெல்ல நகர்கிறது. எழுப்பிவிட்ட குழந்தை அதற்குள் மறுபடி தூங்கிப்போயிற்று.