மாட்டுவண்டிக்கு இட்ட சரிவில் மிதிவண்டி

மலைநாட்டுச் சைக்கிள் பயணத்திற்கு வழி தேடுவோர் பெரும்பாலும் ஊரின் உயரத்தையும் சாலையின் நீளத்தையும் தனித்தனியே பார்க்கின்றனர். ஆனால் அந்த உயரம் எத்தனை கிலோமீட்டருக்குப் பகிர்ந்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே, பயணம் மிதித்து முடியுமா, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து முடியுமா என்பது தீர்மானமாகிறது. நூறு மீட்டர் செல்வதற்குள் சாலை ஐந்து மீட்டர் உயர்ந்தால் அதன் சரிவை 5 சதவீதம் என்றும், பழைய பொறியியல் வழக்கில் இருபதுக்கு ஒன்று என்றும் கூறுவர். இந்தக் கணக்கைக் காலால் கற்றுக்கொள்ள நீலகிரியைவிடப் பொருத்தமான இடம் தமிழகத்தில் இல்லை எனலாம். ஒரே மலைக்கு வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு சரிவுகளில், பல பாதைகள் அங்கே போடப்பட்டிருக்கின்றன. 2008 முதல் டிசம்பர் மாதங்களில் நடந்துவரும் ‘டூர் ஆஃப் நீலகிரிஸ்’ என்னும் நெடுந்தொலைவுச் சைக்கிள் பயணமும் இந்த மலையின் பெயரையே தாங்கியுள்ளது.

நீலகிரி ஒரு பீடபூமி. சார்னோக்கைட் எனப்படும் மிகப் பழமையான கடும்பாறையால் ஆன அந்தப் பீடபூமி, ஓரங்களில் ஏறத்தாழச் சுவர்போல எழுந்து, மேலே உருண்டு திரண்ட குன்றுகளாக விரிகிறது. இந்த அமைப்பின் விளைவாக, ஏற வேண்டிய உயரத்தின் பெரும்பகுதி மலையின் விளிம்பிலேயே குவிந்துவிடுகிறது. விளிம்பைக் கடந்தபின் தேயிலைச் சரிவுகளுக்கும் சோலைக் காடுகளுக்கும் இடையே செல்லும் சாலைகள் சிறிது ஏறிச் சிறிது இறங்குகின்றனவே தவிர, ஓரிடத்திலும் நெடுநேரம் வாட்டுவதில்லை.

விளிம்பு ஏற்றத்திற்கு மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையை எடுத்துக்கொள்ளலாம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் பாக்குத் தோப்புகளுக்கு நடுவே இருக்கும் கல்லாற்றில் ஏற்றம் தொடங்கி, மங்குஸ்தானும் துரியனும் விளையும் பர்லியாற்றைக் கடந்து, 14 கொண்டை ஊசி வளைவுகளுடன், 1,700 மீட்டர் உயரத்தில் உள்ள குன்னூரை அடைகிறது. இடையிலுள்ள தொலைவு 25 கிலோமீட்டருக்குச் சற்று மேல்; ஆகவே சராசரிச் சரிவு 5 சதவீதம். ஓட்டுபவர், வண்டி, மூட்டை ஆகிய மூன்றும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொண்டால், இந்தச் சரிவில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்குச் சுமார் 115 வாட் திறன், அதாவது ஒவ்வொரு நொடியும் 115 ஜூல் ஆற்றல், வேண்டும். அதில் நூறு வாட்டுக்குச் சற்றுக் குறைவான பங்கு புவியீர்ப்பை எதிர்த்து எடையைத் தூக்குவதற்கே செலவாகிறது. டயரின் உருளல் தடைக்குப் பத்துப் பன்னிரண்டு வாட்டும், காற்றுக்கு மூன்று நான்கு வாட்டும் போதும். இதே 115 வாட் உழைப்பைச் சமதரையில் செலுத்தினால் வண்டி மணிக்கு 23 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அங்கே உழைப்பில் பெரும்பங்கை விழுங்குவது காற்று. உடலைக் குனித்துக் காற்றைக் கிழிக்கும் பந்தய உத்திகள் மலையேற்றத்தில் ஏறத்தாழப் பயனற்றுப்போவதும், மூட்டையில் குறைக்கும் ஒவ்வொரு கிலோவும் பலன் தருவதும் இதனால்தான்.

இந்த 5 சதவீதம் தற்செயலாக வாய்த்ததன்று. குன்னூருக்கு முதலில் அமைந்த மலைப்பாதை மிகச் செங்குத்தாக இருந்தமையால், பாரவண்டிகள் ஏறத்தக்க புதிய பாதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமைக்கப்பட்டது. அந்தச் சாலைப்பணியோடு தொடர்புடைய லா என்னும் பொறியாளரின் பெயரே குன்னூருக்கு அருகிலுள்ள லாஸ் அருவிக்கு வழங்குகிறது. இழுவை மாடு தன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்களவு விசையையே நெடுநேரம் தொடர்ந்து செலுத்தக்கூடியது. 400 கிலோ எடையுள்ள இரண்டு மாடுகள் பூட்டப்பட்டால் கிடைப்பது 80 கிலோ இழுவிசை. ஒரு டன் பாரமுள்ள வண்டி 5 சதவீதச் சரிவில் 50 கிலோ விசையைக் கேட்கும். கப்பிச் சாலையின் உருளல் தடைக்கு மேலும் 25 கிலோ அளவுக்கு வேண்டும். கணக்கு மட்டுமட்டாகப் பொருந்துகிறது. அதே வண்டியை 10 சதவீதச் சரிவில் நிறுத்தினால் 125 கிலோ இழுவிசை தேவைப்பட்டு, மாடுகள் முழங்காலிட வேண்டியதுதான். எந்திரம் வருவதற்கு முன் போடப்பட்ட நல்ல மலைச்சாலைகள் தசையின் வரம்பை அளவுகோலாகக் கொண்டவை என்பதால், தசையால் ஓடும் மற்றொரு வண்டியான மிதிவண்டிக்கும் அவை இயல்பாகவே ஒத்துவருகின்றன. நீராவிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. 1899இல் குன்னூரை எட்டிய மலைரயில், 12.28க்கு ஒன்று என்ற சரிவில், அதாவது 8 சதவீதத்திற்கும் மேலாக ஏறுகிறது. ஆயினும் அந்தச் சரிவில் வழுவழுப்பான தண்டவாளத்தை இரும்புச் சக்கரம் பற்றிக்கொள்ளாது என்பதால், நடுவே பற்கள் வெட்டிய சட்டத்தைப் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறும்படி செய்ய வேண்டியதாயிற்று.

சரிவு இசைவாக இருந்தாலும் வண்டியின் பற்சக்கரங்கள் இசையவில்லையெனில் பயனில்லை. நம் ஊர்களில் பாலும் இளநீரும் சுமக்கும் கியர் இல்லாத கறுப்புச் சைக்கிளில் முன்பல்சக்கரத்திற்கு 48 பற்களும் பின்பல்சக்கரத்திற்கு 18 பற்களும் இருந்தால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் வண்டி ஏறத்தாழ 6 மீட்டர் முன்னேறுகிறது. மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் அந்தப் பெடல் நிமிடத்திற்கு 23 சுற்றுகளே சுற்றும். 115 வாட் திறனை அவ்வளவு மெதுவான சுழற்சியில் செலுத்துவதற்குச் சராசரியாக 28 கிலோ எடைக்கு நிகரான விசையை இடைவிடாமல் பெடலின் மீது கொடுக்க வேண்டும். பெடல் மேலும் கீழும் நிற்கும் நிலைகளில் காலால் விசை தர இயலாது என்பதால், நடுநிலையில் அது இரு மடங்காகி, ஓட்டுபவர் இருக்கையை விட்டு எழுந்து முழு உடல் எடையையும் போட்டு மிதிக்க நேர்கிறது. முன்னே 28 பற்களும் பின்னே 34 பற்களும் கொண்ட பயணச் சைக்கிளில், அதே வேகத்திற்கு நிமிடத்திற்கு 75 சுற்றுகள். விசை 9 கிலோவுக்குள் அடங்கிவிடும். செய்யப்படும் வேலை இரண்டிலும் ஒன்றே. முதல் வண்டியில் முழங்கால் மூட்டு விலை கொடுக்கிறது. இரண்டாவதில் இதயமும் நுரையீரலும் சீரான தாளத்தில் அந்தச் சுமையை ஏற்றுக்கொள்கின்றன.

இன்று எளிதாகத் தோன்றும் இவ்வுண்மைக்காக நெடுங்காலம் வாதாடியவர் பிரான்சு நாட்டின் செந்த்-எத்தியேன் நகரைச் சேர்ந்த பால் தெ விவி. வெலோசியோ என்னும் புனைபெயரில் எழுதிய அவர் (1853–1930), தம் ஊரை ஒட்டிய 1,161 மீட்டர் உயரக் கணவாயையே சோதனைக்கூடமாகக் கொண்டு பல கியர் முறைகளை ஓட்டிப் பார்த்து, தாம் நடத்திய சைக்கிள் இதழில் அவற்றை ஆதரித்து எழுதிவந்தார். ஆனால் டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தின் நிறுவனரான ஆன்றி தெகிராஞ்சு, கியர் மாற்றுவது வயதானவர்களுக்கான சலுகை என்று கருதினார். சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவச் செய்யும் கருவி அப்பந்தயத்தில் 1937இல்தான் அனுமதிக்கப்பட்டது. பந்தயக்காரர்கள் புறக்கணித்த காலமெல்லாம் அக்கருவியை வளர்த்தெடுத்தவர்கள் ஊர்சுற்றிப் பயணிகளே என்பது குறிப்பிடத்தக்கது.

ஏற்றத்தின் சராசரிச் சரிவுக்குள் ஒளிந்திருக்கும் வேறுபாடு கொண்டை ஊசி வளைவுகளில் வெளிப்படுகிறது. எடுத்துக்காட்டாக, வளைவின் உள்விளிம்பு 6 மீட்டர் ஆரமும் வெளிவிளிம்பு 12 மீட்டர் ஆரமும் உடைய அரைவட்டங்களாக இருந்து, அந்த வளைவுக்குள் சாலை 1.9 மீட்டர் உயர்ந்தால், அதே உயரத்தை உள்விளிம்பு 19 மீட்டரிலும் வெளிவிளிம்பு 38 மீட்டரிலும் ஏற வேண்டும். முன்னது 10 சதவீதச் சரிவு, பின்னது 5 சதவீதம். இடப்பக்கப் போக்குவரத்துள்ள நம் நாட்டில், ஏறுபவருக்கு வலப்புறம் திரும்பும் வளைவுகள் தாமே இளைப்பாறுதல் தருகின்றன. இடப்புறம் திரும்பும் வளைவுகளோ அவரைச் செங்குத்தான உள்விளிம்பில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அத்தகைய வளைவுக்குள் நுழையும் முன்பே கியரைக் குறைத்துவிடுவது நல்லது. சங்கிலி முழு இழுவிசையில் இருக்கும்போது அது பல் மாறித் தாவுவது கடினம்.

மனிதத் தசை தான் எரிக்கும் ஆற்றலில் கால்பங்கைக்கூட முழுதாக வேலையாக மாற்றுவதில்லை. 115 வாட் வேலைக்குப் பின்னால் 350 வாட்டுக்கும் மேற்பட்ட வெப்பம் உடலில் பிறக்கிறது; மெதுவான ஏற்றத்தில் எதிர்காற்றும் இல்லாமையால், அதை வெளியேற்ற மணிக்கு அரை லிட்டருக்கு மேல் வியர்வை ஆவியாக வேண்டும். கல்லாற்றுப் புழுக்கத்தில் வழிந்து சொட்டும் வியர்வை இந்தக் கணக்கில் சேராது. மூன்று மணி நேரத்திற்குச் சற்று மேலாகும் ஏற்றத்திற்கு மொத்தம் ஏறத்தாழ 1,400 கிலோகலோரி, அதாவது இருபதுக்கும் மேற்பட்ட இட்லிகளின் ஆற்றல், செலவாகிறது. பசி எடுக்கும் முன் உண்ண வேண்டும், தாகம் எடுக்கும் முன் பருக வேண்டும் என்று வெலோசியோ தம் வாசகர்களுக்குச் சொல்லிவந்ததன் பொருள் இதுவே.

இறக்கத்தில், ஏறும்போது சேமித்த நிலையாற்றல் முழுவதும் வெப்பமாகியே தீர வேண்டும். அதைக் காற்று ஏற்கிறதா, பிரேக் ஏற்கிறதா என்பது வேகத்தைப் பொறுத்தது. 8 சதவீத இறக்கத்தில் பிரேக்கே பிடிக்காமல் விட்டால் மேற்சொன்ன 90 கிலோ வண்டி மணிக்கு 53 கிலோமீட்டர் வேகத்தை எட்டி, அதற்கு மேல் காற்றால் தடுக்கப்படும். மணிக்கு 10 கிலோமீட்டரில் ஊர்ந்தால் பிரேக்கில் பிறக்கும் வெப்பம் 175 வாட் அளவே. 30 கிலோமீட்டரிலோ அது 365 வாட்டைத் தொட்டு உச்சமடைகிறது. அஞ்சி அஞ்சி இடைவேகத்திலேயே பிரேக்கை அழுத்தியபடி நெடுந்தொலைவு இறங்குபவரின் சக்கர விளிம்பு சூடேறி, டியூப் வெடிக்கக்கூடும். நேரான பகுதியில் பிடியைத் தளர்த்தி, வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, மீண்டும் தளர்த்தி ஆறவிடுவதே முறை. தலைக்குந்தாவிலிருந்து 36 கொண்டை ஊசி வளைவுகளுடன் மசினகுடிப் பக்கம் சரியும் கல்லட்டிப் பாதையில் தொடர்ந்த விபத்துகளால் வெளியூர் வாகனங்கள் இறங்குவதற்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. அவ்விபத்துகளுக்குப் பின்னுள்ள இயற்பியலும் இதுதான். மூட்டையேற்றிய சைக்கிளில் இறங்குபவருக்குக் கல்லட்டியைவிடக் கூடலூர் வழியே, அது சுற்றானாலும், மேல்.

ஏறுவதற்குக் குன்னூர்ச் சாலையைவிடப் போக்குவரத்து குறைந்த கோத்தகிரிச் சாலையும், காரமடைப் பக்கமிருந்து கெத்தை வழியாக 43 வளைவுகளுடன் மஞ்சூருக்கு ஏறும் காட்டுச்சாலையும் பயணிகளுக்கு நன்கு தெரிந்தவை. பின்னதில் யானை நடமாட்டம் மிகுதி என்பதால் பகலில் மட்டுமே செல்வது முறை. இந்தியச் சாலைக் காங்கிரஸ், 3,000 மீட்டருக்கு உட்பட்ட செங்குத்தான மலைப்பகுதிகளில் 6 சதவீதச் சரிவை வழக்கமான வரம்பாகவும், 7 சதவீதத்தைக் கட்டுப்பாட்டு எல்லையாகவும், 8 சதவீதத்தை விதிவிலக்காகவும் வகுத்திருக்கிறது. ஆகவே விதிப்படி அமைந்த எந்த மலைச்சாலையும் தகுந்த கியர் உள்ள சைக்கிளுக்கு எட்டாததன்று.

எட்டாமல் இருப்பது ஓரத்தில் ஒரு மீட்டர் இடம்தான். மிதிவண்டி தன் முன்சக்கரத்தை இடைவிடாமல் இருபுறமும் சிறிது திருப்பியே சமநிலை காக்கிறது. வேகம் குறையக் குறைய இந்தத் திருப்பம் பெரிதாகி, ஏறுபவர் அலைந்து அலைந்து செல்ல நேர்கிறது. அவர் 8 கிலோமீட்டரில் ஏறும்போது பேருந்து 30 கிலோமீட்டரில் அவரைக் கடக்கிறது. இறங்கும்போது இரண்டின் வேகமும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுவதால், இடிபடும் ஆபத்து ஏற்றத்திலேயே மிகுதி. மலைச்சாலைகளை அகலப்படுத்தும் போதெல்லாம் இருபுறமும் இடம் ஒதுக்க முடியாவிட்டாலும், ஏறும் பக்கத்திலாவது ஒரு மீட்டர் ஓரப்பாதையை நெடுஞ்சாலைத்துறை ஒதுக்க வேண்டும்.