கோலின் மெலிவும் கையின் உணர்வும்

ஸ்நூக்கர் என்னும் மேசை விளையாட்டு நம் நாட்டில் பிறந்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி இதைத் தொடங்கி வைத்தார். 1880-களில் நீலகிரியில் உள்ள ஊட்டி கிளப்பில் இதன் விதிகள் வகுக்கப்பட்டன. 12 அடி நீள மேசையில் வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்து, அதனால் மற்றப் பந்துகளை ஓரத்துப் பைகளில் விழச் செய்ய வேண்டும்.

இக்கோல் பிடிக்கும் பக்கம் ஏறத்தாழ 29 மி.மீ. பருமன் உடையது. நுனியில் 9 அல்லது 10 மி.மீ. தான். இடையில் அது எவ்வாறு மெலிகிறது என்பதைப் பொறுத்தே ஆடுபவரின் கை பெறும் உணர்வும் மாறுகிறது.

இதனை அறிய, வீட்டு வாரியலிலிருந்து ஓர் ஈர்க்கை உருவிப் பாருங்கள். அடிப்பக்கம் எளிதில் வளையாது. நுனியோ விரல் பட்டதும் துவளும். உருண்டையான கம்பின் விறைப்பு, அதன் விட்டத்தின் நான்காம் படிக்கு ஏற்ப மாறுவதே காரணம். விட்டம் பாதியானால் விறைப்பு 16-ல் ஒரு பங்காகிவிடும். 10 மி.மீ. நுனியை 9 மி.மீ. ஆகத் தேய்த்தாலே, அவ்விடத்தில் மூன்றில் ஒரு பங்கு விறைப்பு போய்விடும்!

நுனியை அடுத்து விரைவில் பருமனாகும் கோல் விறைப்பானது. அடி கைக்குக் கெட்டியாகத் தெரியும். நெடுந்தூரம் மெலிந்தே செல்லும் கோல் துவளும். அடி மென்மையாகத் தெரியும். ஆயினும் மெலிவிலும் ஒரு நன்மை உண்டு. பந்தின் நடுவை விட்டுப் பக்கவாட்டில் அடிக்கும்போது, பந்து குறித்த வழியிலிருந்து சற்று விலகும். நுனியின் எடை குறைந்தால் அவ்விலகலும் குறையும்.

இன்னொரு வியப்பு! கோல் பந்தைத் தொட்டிருப்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரமே. கை அதிர்வை உணருமுன் பந்து போய்விடுகிறது. எனவே அந்த உணர்வால் அடித்த அடியைத் திருத்த முடியாது. அடுத்த அடிக்கே அது பாடமாகும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஒரே கோலைப் பல ஆண்டுகள் போற்றுவது இதனால்தான்.

சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் 2025-ல் தோகாவில் உலக மகளிர் ஸ்நூக்கர் பட்டம் வென்றார். அவர் கையிலும் இத்தகைய ஒரு கோல்தான் இருந்தது. நல்ல கோல் கடையில் கிடைக்கும். அதன் மொழியைக் கைக்குக் கற்பிப்பது அன்றாடப் பயிற்சி ஒன்றே.